பெரியப்பா பூட்டிய கதவு

கணினியில் பிள்ளைகள் கூடும் நேரம் நெருங்கிவிட்டால் பெரியப்பா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள். அதற்கு மேல் ஒரு பூட்டு. பால்கனிக் கதவு, சமையலறை ஜன்னல், குளியலறை என்று ஒவ்வொன்றாக அடைத்து, அடைத்ததை ஒருமுறை இழுத்தும் பார்ப்பார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே சுமை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பூட்டு சார்’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. அவர் பொறுப்பில் இருந்தவரை ஒரு சீசா காணாமல் போனதில்லை. அப்படிப்பட்டவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இப்போது அவர் பொறுப்பில் இருப்பது தம்பியின் வீடு.

தம்பி மனநல மருத்துவமனையில் இருந்தான். ஒரு நாள் விடிகாலையில் கூடத்து நிலைக்கண்ணாடியை வெறுங்கையால் உடைத்து, குளியலறைக் கதவைக் குத்தி ஓட்டையாக்கி, யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்தியவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடியில் இருந்த அத்தனை வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. அன்று மாலையே பெரியப்பா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். விசாரித்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்: “வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. வர நாளாகும்.” பார்த்தவர்கள் பார்த்ததைத் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும். வீட்டார் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகக்கூடாது. குடும்பத்துக்கென்று ஒரு முகம் உண்டு. அதில் ஒரு கீறல் விழுந்தால் தலைமுறைக்கும் போகாது.

உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினார். குளியலறைக் கதவு ஓட்டைக்கு அட்டை ஒட்டினார். தம்பியின் அறையைப் பூட்டினார். பிறகு தம்பி மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்.

“குட்டிம்மா, இந்த வீட்ல நடந்தது இந்த வாசப்படியைத் தாண்டக்கூடாது. யார் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. புரிஞ்சுதா?”

குட்டிம்மா தலையாட்டினாள். சொன்ன சொல்லை அப்படியே கேட்கிற பிள்ளை. அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் கிடையாது; கடைக்காரரிடம் கிடையாது; கொஞ்ச நாளில் பெரியப்பாவிடமும் நின்றுபோயிற்று. அம்மாவிடம் மட்டும், வீட்டுக்குள், காதோடு காதாகப் பேசுவாள்.

அம்மா ஒரு தையல் கூடத்தில் மேற்பார்வை வேலை பார்த்தாள். மருத்துவமனையில்தான் அவளிடம் சொன்னார்களாம், இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கணினி வழியாக ஒரு சிகிச்சைக் குழு இருக்கிறதென்று.

“நம்ம வீட்டுக் கதையை நாலு பேர் நடுவுல சொல்லணுமாக்கும்?” என்று பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாருக்கும் யார் பேரும் தெரியாது மாமா. பிள்ளைங்க பட்டப்பேருதான் வெச்சுக்குவாங்க.”

“பட்டப்பேரு வெச்சுக்கிட்டா கதை மாறிடுமா?”

“மாமா, அவ பேசி எவ்வளவு நாளாச்சுன்னு உங்களுக்கே தெரியும்.” அம்மாவின் கண் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அதுதான் பெரியப்பாவை இறங்கி வரவைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளை உட்காரும்போது தானும் பக்கத்தில் இருப்பேன், கணினியின் கண்ணில் படாமல்.

அப்படித்தான் வாரா வாரம் நடந்தது. குட்டிம்மா மேசைக்கு முன்னால் வெள்ளைச் சுவருக்கு முதுகு காட்டி உட்காருவாள். மேசைக்கு அந்தப் பக்கம், மடிக்கணினியின் மூடிக்குப் பின்னால், பெரியப்பா செய்தித்தாளோடு உட்காருவார். பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் எட்டிச் சாய வேண்டும். மைக்கை அடைக்கிற பொத்தான் எது என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டார். கணினியில் அவர் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். பிள்ளை தவறி எதையாவது சொல்ல வந்தால் அமுக்கிவிடலாம். இதுவரை தேவைப்படவில்லை.

குழுவை நடத்தியவர் ஒரு இளம் ஆலோசகர். பிள்ளைகள் ‘அக்கா’ என்பார்கள். தொண்டை கட்டின குரல். பிள்ளைகளைத் தொடர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார விடமாட்டாள். “எழுந்திருங்க, உக்காருங்க, ஒத்தக் கால்ல நில்லுங்க” என்று ஏதாவது ஒன்று. டைனோ என்கிற பொடியன் ஒருநாள் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எடுக்க மாட்டேன் என்றான். ஆலோசகர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஒரு பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து கூட்டத்தை நடத்தி முடித்தாள். பெரியப்பாவுக்குச் சகிக்கவில்லை. வைத்தியம் என்றார்கள், பார்த்தால் வித்தை காட்டுகிறார்கள். அதிலும் தன் வீட்டுப் பெண் நத்தை ஒன்றைப் படம் வரைந்து காட்ட, அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. “நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நத்தைன்னு பேரா?” என்று இரவு முழுக்க முனகினார்.

குழுவுக்கு இரண்டு விதிகள் இருந்தன. திரைக்கு வருகிற எவரும் முகத்தைக் காட்டி, இன்றைக்குத் தன் வானம் எப்படி இருக்கிறதென்று சொல்ல வேண்டும். வெயிலா, மேகமா, இடியா என்று. நத்தை பேசமாட்டாள் என்பதால் அட்டையில் வரைந்து காட்டுவாள். இரண்டாவது விதி, இங்கே சொன்னது இங்கேயே இருக்க வேண்டும். இந்த ஒன்று மட்டும் பெரியப்பாவுக்குப் பிடித்திருந்தது.

வருகைப் பதிவு விநோதமாக இருக்கும். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். ஆலோசகர் மேசையில் விரலால் தட்டுவாள்: டக்… டக் டக். ‘நான் இருக்கேன்’ என்று அதற்குப் பொருள். ராக்கெட் தட்டுவான், டைனோ தட்டுவான், மின்மினி தட்டுவாள். கடைசியில், எல்லோரும் மூச்சை அடக்கிக் காத்திருக்க, நத்தையின் விரல் மேசையைத் தொடும். இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி ஒரு ஓசை. உடனே நால்வரும் கைதட்டுவார்கள். எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று பெரியப்பா செய்தித்தாளைப் புரட்டுவார்.

அன்றைக்கு ஆரம்பமே சரியில்லை. ராக்கெட்டின் அப்பா மருத்துவமனையிலிருந்து முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். “என் வானத்துல இடி. அப்பா தூங்கிக்கிட்டே இருக்காரு. எழுந்தா என்ன பண்ணுவாருன்னு தெரியல” என்றான் ராக்கெட். உடனே டைனோ மேசைக்கடியில் போய்விட்டான். மின்மினி எல்லோரிலும் மூத்தவள், நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். குட்டிம்மாவின் முகம் சுவரைப் போல வெளுத்திருந்தது.

பிள்ளைகள் கைநழுவுவதை ஆலோசகர் பார்த்துவிட்டாள். “சரி, எல்லாரும் எழுந்திருங்க! வீட்டுக்குள்ளயே ஒரு ஓட்டம். கண்ணை மூடி மோந்து பாத்தா மனசுக்கு இதமா இருக்கணும், அப்படி ஒரு பொருள். நான் இந்தப் பாட்டை மோசமாப் பாடி முடிக்கறதுக்குள்ள எடுத்துட்டு வரணும்!”

வழக்கமாக ஆற அமர எழுகிற குட்டிம்மா அன்று நாற்காலி சாயும்படி எழுந்து ஓடினாள். சமையலறைக்குப் போகிறாள் என்று நினைத்துப் பெரியப்பா தலையை நிமிர்த்தவில்லை. ஆலோசகர் பாடினாள், உண்மையிலேயே மோசமாகத்தான் பாடினாள். அவர் தற்செயலாகத் திரையை எட்டிப் பார்த்தார். காலி நாற்காலி. அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவர். சுவரின் ஓரத்தில், மடிக்கணினியை எவ்வளவு நகர்த்தி வைத்தாலும் திரையிலிருந்து மறையாத ஒரு சின்ன இடைவெளியில், தம்பியின் அறைக்கதவு திறந்து கிடந்தது.

அவருக்குப் பகீரென்றது. காலையில் தம்பிக்குச் சட்டை எடுத்துப் போக அவன் மனைவி திறந்திருக்கிறாள். பூட்ட மறந்துவிட்டாள். இத்தனை பேர் பார்க்கத் திறந்து கிடக்கிறதே! கணினியின் கண்ணில் படாமல் குனிந்தபடியே நடந்து அறைக்குள் போனார். திரைச்சீலை இழுத்துவிட்டிருந்ததில் அரை இருட்டு. சுவரில் தம்பி கரியால் கிறுக்கியிருந்த கோடுகள் இன்னும் அழியவில்லை. இரும்பு பீரோவின் கதவும் சாத்தாமல் இருந்தது. இதையுமா மறந்தாள்? தள்ளினார். உள்ளே துணி பிதுங்கி நின்றது போலக் கதவு மூட மறுத்தது. தோளைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்திக் கைப்பிடியைத் திருகினார். இரும்புக் கம்பிகள் மேலும் கீழும் போய்ப் பதிந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு எப்போதும் நிம்மதி தருகிற சத்தம். வெளியே வந்து அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி குனிந்தே தன் இடத்துக்கு வந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ராக்கெட் கையில் சோப்பு. மின்மினியிடம் பழைய புத்தகம். டைனோ ஒரு பெரிய ஷூவைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான்.

“டைனோ, இது யாரோடது?”

“அப்பாவோடது. நாறும்.”

“இதமா இருக்கணும்னு சொன்னேனே?”

“நாறும். ஆனா பிடிக்கும்” என்று டைனோ அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ராக்கெட் சிரித்துவிட்டான். அன்று அவனுக்கு வந்த முதல் சிரிப்பு.

நத்தையின் நாற்காலி காலியாகவே இருந்தது.

“நத்தை மெதுவாத்தான் வரும்” என்று ஆலோசகர் இன்னொரு பாட்டுப் பாடினாள். அதுவும் முடிந்தது. மேசையில் தட்டினாள்: டக்… டக் டக். பதில் இல்லை. “நத்தை வீட்ல பெரியவங்க யாராவது இருக்கீங்களா?” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டில் இருந்த விளையாட்டு அதில் இல்லை.

பெரியப்பா சத்தமில்லாமல் எழுந்தார். சமையலறையில் இல்லை. குளியலறையில் இல்லை. அம்மாவின் படுக்கையறையில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார், செருப்பும் தூசியும்தான். துணிக்கூடையைக் கவிழ்த்தார். “குட்டிம்மா” என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். மைக் கேட்டுவிடக் கூடாதே. வாசல் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

வாசல் பூட்டியிருக்கிறது. பிள்ளை உள்ளே இல்லை. அப்படியானால்?

பால்கனியின் நினைப்பு வந்தது. தானே அடைத்த கதவுதான், அடைத்தபடியேதான் இருந்தது. இருந்தும் அதைத் திறந்துகொண்டு ஓடிக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். மூன்று மாடிக்குக் கீழே, சிமெண்ட் தரையில், சிவப்பாக ஏதோ கிடந்தது. குட்டிம்மா போட்டிருந்தது சிவப்புக் கவுன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். துண்டு. எந்த வீட்டுக் கொடியிலிருந்தோ விழுந்த ஒரு சிவப்புத் துண்டு.

கூடத்துக்குத் திரும்பும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிள்ளை எப்படிக் காணாமல் போகும்? தம்பியின் அறையை அவர் நினைக்கவே இல்லை. அதைத் தன் கையாலேயே பூட்டியிருக்கிறார். பூட்டிய இடம் பத்திரமான இடம். கிடங்கில் சரக்கு குறைந்தால் திறந்து கிடந்த இடங்களில்தான் தேடுவார்கள்.

“பெரியவங்க யாரும் பதில் சொல்லலைன்னா நான் அவங்க அம்மாவுக்கு போன் பண்ணணும்” என்று ஆலோசகர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்!”

குரல் அவரை மீறி வந்துவிட்டது. திரையில் நான்கு தலைகள் நிமிர்ந்தன.

“யாரு பேசறது? கொஞ்சம் முன்னாடி வாங்க ஐயா.”

பெரியப்பா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்; வழக்கமாகிவிட்ட கை, அதுவாகவே செய்தது. குட்டிம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கண்ணுக்கு முன்னால் முகத்தைக் காட்டினார்.

“நான்… பெரியப்பா. பிள்ளையைக் காணோம்.”

“தாத்தா, விதி!” என்றான் டைனோ, ஷூவுக்குள்ளிருந்து. “வானம் சொல்லணும்.”

“தாத்தா இல்ல, பெரியப்பா. அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல.”

“எல்லாரும் சொல்லணும்” என்றாள் மின்மினி கறாராக. “பெரியவங்களும்.”

ஆலோசகர் குறுக்கிட வாய் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். “இருட்டும்மா. ஒண்ணும் தெரியல. பயமா இருக்கு.” பயம் என்ற சொல்லை அவர் எப்போது கடைசியாகச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. தம்பியை ஏற்றிக்கொண்டு போன அன்றுகூடச் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ராக்கெட் மெல்ல, “அவ அங்கதான் இருப்பா” என்றான்.

“எங்க?”

“சொல்லக்கூடாது. இங்க சொன்னது இங்கயே.”

“டேய், நான் இந்த வீட்டுக்காரன்டா!”

“பேப்பர் புரட்டற சத்தம் வாரா வாரம் கேக்குமே, அது நீங்கதானே? அன்னைக்கு நீங்க இல்ல. யாரோ பெல் அடிச்சாங்கன்னு எழுந்து போயிட்டீங்க. அப்பதான் வரைஞ்சு காட்டினா” என்றாள் மின்மினி. அவள் கண்ணில் நீர் நின்றது. வாய் மட்டும் இறுகியிருந்தது. பெரியப்பாவுக்கு அந்த வாயைத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற வாய்.

ஆலோசகர் திரைக்கு நெருங்கி வந்தாள். “மின்மினி, நீ நல்லாக் காப்பாத்தினே. ஆனா நம்ம விதிக்கு ஒரு ஜன்னல் இருக்குன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? ஒருத்தருக்கு ஆபத்து வரும்னா?”

“பெரியவங்ககிட்ட சொல்லலாம்.”

“சொல்லணும்.”

மின்மினி மூச்சை இழுத்துக்கொண்டாள். “பத்திரமான இடம் எதுன்னு எல்லாரும் வரைஞ்சோம். அவ ஒரு பெரிய பெட்டி வரைஞ்சா. உள்ள வரிசையாச் சட்டை தொங்குது. அடியில நத்தை. மேல ‘அப்பா’ன்னு எழுதியிருந்தா.”

பெரியப்பாவின் தோள், துணி பிதுங்கி நின்ற அந்தக் கதவை நினைத்துக்கொண்டது. துணி அவ்வளவு கனமாக இருக்காது. துணி அப்படித் திருப்பித் தள்ளாது.

அவர் எப்படி ஓடினார், சாவியை எத்தனை தரம் கீழே போட்டார் என்பதெல்லாம் பிறகு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அறை திறந்தது. பீரோவின் கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். திரும்பவில்லை. அழுத்திப் பூட்டியதில் கதவு கோணிக்கொண்டு கம்பி பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தொங்கினார், அசையவில்லை.

“குட்டிம்மா! உள்ள இருக்கியா? ஒரு வார்த்தை சொல்லு!”

உள்ளே சத்தமே இல்லை.

“பெரியப்பாடா கண்ணு. ஒரே ஒரு வார்த்தை. ஏதாவது சொல்லு!”

கத்துகிற பிள்ளையாக இருந்தால் அவர் கதவை மூடும்போதே கத்தியிருப்பாள். இருட்டில் கதவு வந்து மோதியபோது, கம்பி விழுந்தபோது, வெளியே அவருடைய செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனபோது, அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று அவரல்லவா சொல்லியிருந்தார். இப்போது மூச்சு இருந்து பேசவில்லையா, மூச்சே இல்லையா? காதை இரும்பில் ஒட்டவைத்தார். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது.

கூடத்திலிருந்து ஆலோசகரின் குரல் வந்தது. “ஐயா! என்னை அங்க தூக்கிட்டு வாங்க! கம்ப்யூட்டரை அப்படியே எடுத்துட்டு வாங்க!”

அவர் எடுத்தார். மின்வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. கையில் திரை ஆட ஆட, அதன் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தது: காலண்டர் மறைக்காத கண்ணாடிச் சட்டத்தின் மிச்சம், அட்டை ஒட்டிய குளியலறைக் கதவு, கரிக்கோடுகள் நிறைந்த சுவர். இத்தனை நாள் ஒரு குண்டூசி அளவு வெளியே தெரியாமல் காத்த அத்தனையும்.

“எங்க வீட்லயும் பாத்ரூம் கதவுல இதே மாதிரி ஓட்டை” என்றான் ராக்கெட்.

“எங்க வீட்ல ஃபிரிட்ஜுல” என்றான் டைனோ.

பெரியப்பா திரையை பீரோவுக்கு எதிரே கட்டிலில் வைத்தார். “கைப்பிடி மாட்டிக்கிச்சு. உள்ள சத்தமே இல்லம்மா. நான்தான் பூட்டினேன். நான்தான்…”

“ஐயா, நீங்க பதறினா அது அவளுக்கும் கேக்கும். ஒரு நிமிஷம் பேசாம இருங்க.” ஆலோசகரின் குரலும் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பியபோது அது பழைய குரலாகிவிட்டது. “பசங்களா, இன்னைக்கு ரெண்டாவது தடவை வருகை எடுக்கப்போறோம். நத்தை இருட்டுல இருக்கா. நம்மளைப் பாக்க முடியாது. ஆனா கேக்கும். வரிசையா, ரொம்பத் தெளிவா. யாரு முதல்ல?”

டக்… டக் டக். ராக்கெட் தட்டினான்.

டக்… டக் டக். டைனோ, ஷூவால்.

டக்… டக் டக். மின்மினி.

பிறகு எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். பெரியப்பாவும் அடக்கினார். மடிக்கணினிக்குள் சுற்றுகிற சின்ன விசிறியின் ஓசைகூடக் கேட்டது. ஒன்றுமில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நத்தை மெதுவாத்தான் வரும்” என்றாள் ஆலோசகர்.

இரும்புக்கு உள்ளே, அடியில், தரையோடு ஒட்டி, இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு ஓசை. டக்.

நீண்ட இடைவெளி.

டக் டக்.

பெரியப்பா கத்தவில்லை. கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை. திரையில் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

“இப்ப நீங்க கதவைப் பாருங்க ஐயா. நிதானமா. அவளை நாங்க பாத்துக்கறோம். அவ அம்மாவுக்கு நான் போன் பண்ணலாமா?”

“பண்ணுங்க” என்றார். “என்ன நடந்துச்சோ அப்படியே சொல்லுங்க.”

அவர் எழுந்தார். இரும்புக் கதவுகளோடு வாழ்ந்த மனிதர், எதனால் மாட்டும் என்று தெரியும். கீழ் மூலையில் கதவைத் தூக்கிக் கொடுத்தால் கம்பி தளரும். சமையலறையிலிருந்து தோசைத் திருப்பி ஒன்றை எடுத்து வந்து கதவுக்கடியில் செருகினார். பின்னால் ஆலோசகர் பிள்ளைகளை விட்டுத் தட்டவைத்துக்கொண்டே இருந்தாள். “இப்ப ரயில் மாதிரி. இப்ப மழை மாதிரி. நத்தை, நீ இப்ப ஒரு தட்டுத் தட்டு, டைனோ திருப்பித் தட்டணும். தப்பா தட்டினா அவன் மறுபடி வாளியைப் போட்டுக்கணும்!” உள்ளேயிருந்து தட்டு வந்தது. டைனோ தப்பாகத் தட்டினான், வேண்டுமென்றேதான். “வாளி! வாளி!” என்று ராக்கெட் கூவினான். ஒவ்வொரு முறை இரும்புக்குள் ஓசை வரத் தாமதமானபோதும் பெரியப்பாவின் கை நின்றுபோனது. ஓசை வந்ததும் மறுபடி ஓடியது.

கதவு ஒரு நூல் உயர்ந்தது. கைப்பிடியைத் திருகினார். கம்பிகள் விலகிய சத்தம் கேட்டது.

குட்டிம்மா சட்டைகளுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைத் தலைவரை இழுத்து மூடியிருந்தாள். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சிமிட்டிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் அவளை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் யாரையும் அப்படி அணைத்ததில்லை. எந்தக் கையை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. பிள்ளைதான் ஒரு கையை அவர் கழுத்தில் போட்டாள்.

“தப்புப் பண்ணிட்டேன்டா” என்று அவள் முடிக்குள் முகத்தைப் புதைத்துச் சொன்னார். “பெரியப்பா பாக்காமப் பூட்டிட்டேன்.”

அவருடைய போன் அடித்தது. அம்மா. தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் அவள் கதறுவது காதில் வைக்காமலே கேட்டது. அவர் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பிள்ளையின் முன்னால் நீட்டினார். “இருக்காம்மா. இதோ இருக்கா. நீயே கேளு.”

“கண்ணு? கண்ணு, அம்மாடா. எங்கடா இருக்கே?”

அம்மாவிடம் எப்போதும் பேசுவது போலத்தான் பேசினாள் குட்டிம்மா. கட்டிலின் மேல் திரை விழித்துக்கொண்டிருப்பதை அவள் மறந்துவிட்டாளோ, மறக்கவில்லையோ.

“அம்மா, பெரியப்பா என்னை பீரோல வெச்சுப் பூட்டிட்டாரு.”

நத்தையின் குரலை முதல்முறையாகக் கேட்டுத் திரையில் எல்லோரும் அப்படியே உறைந்தார்கள். டைனோ வாளியை மெல்லத் தூக்கிப் பார்த்தான். ஆலோசகர் உதட்டில் விரலை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

பெரியப்பாவின் கை தன்னால் மடிக்கணினியின் பக்கம் போயிற்று. மைக்கை அடைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று அந்த விரலுக்குத் தெரியும். விரல் அதன் மேல் போய் நின்றது.

“தெரியாமதான் பூட்டினாரு. அப்புறம் அழுதாரு” என்றாள் குட்டிம்மா. “நிறைய அழுதாரும்மா. மூக்கெல்லாம் ஒழுகுச்சு.”

விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பா சட்டையில வாசனை இன்னும் இருக்கும்மா” என்றாள் குட்டிம்மா. “அப்பாவுக்கு ஆஸ்பத்திரில சோப்பு குடுக்கறாங்களா?”